அஃப்ளாடாக்சின் நொதிப் பாதை: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூஞ்சை எப்படி நச்சு தயாரிக்கிறது என்று படிக்கத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு படம் கைக்கு வந்துவிடும். மேலே அசிட்டேட், கீழே அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட அம்புக்குறிகள். ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் ஒரு நொதியின் பெயர், அதற்கடியில் அதே நொதிக்கு இன்னொரு பெயர். அதை உருப்போட்டுத் தேர்வெழுதிவிட்டு மறுநாள் மறந்துபோவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

உருப்போட வேண்டியதில்லை. பெயர்களை விட்டுவிட்டுப் பொருளைப் பின்தொடர்ந்தால் பாதை தானாக மனதில் உட்காரும். ஒரு மாலைப்பொழுதில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், வேளாண்மை மாணவர்களுக்கும், உணவுப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இது உதவும். பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும். எல்லாமே காகிதத்தில் செய்யும் வேலை. நச்சு தரும் பூஞ்சையை வீட்டிலோ கல்லூரி மேசையிலோ வளர்த்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

தொடங்கும் முன் தெளிய வேண்டியவை

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்ததும், அது விட்டுப்போன பொருள்தான் கொன்றது என்பதும் பிறகு தெரியவந்தன. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்து வந்தது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டுச் சுமார் 100 பேர் இறந்ததற்கும் இதே நச்சுதான் காரணம்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் குழப்பம் ஒன்று. நச்சு வேறு, அதைச் செய்யும் நொதி வேறு. நொதி ஒரு புரதம், சூடுபட்டால் உருக்குலைந்துபோகும். நச்சு ஒரு சின்ன மூலக்கூறு; கடலையை வறுத்தாலும், மாவை வேகவைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பூஞ்சை செத்து, நொதி செத்து, நச்சு மட்டும் உயிரோடிருப்பவனைக் கொல்லக் காத்திருக்கலாம். "நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டோமே" என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

இன்னொன்று: பூஞ்சை வளர்வதற்கு இந்த நச்சு தேவையே இல்லை. நச்சுக்கான மரபணுக்கள் முழுவதும் இல்லாத ஆஸ்பர்ஜில்லஸும் செழிப்பாக வளர்கிறது. ஆக, பூசணம் கண்ணில் பட்டால் நச்சு இருந்தே தீரும் என்று இல்லை. கண்ணில் படவில்லை என்பதற்காக நச்சும் இல்லை என்று ஆகிவிடாது.

படி 1: கார்பன் கணக்கை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக் கீழே உள்ள பத்துப் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். நொதிப் பெயர் எதையும் இப்போது எழுத வேண்டாம். பக்கத்தில் அந்தந்த மூலக்கூறில் எத்தனை கார்பன் என்று குறியுங்கள்.

நார்சோலோரினிக் அமிலம் – 20
அவெரான்டின் – 20
அவெருஃபின் – 20
வெர்சிகோனால் ஹெமிஅசிட்டால் அசிட்டேட் – 20
வெர்சிகலோரின் பி – 18
வெர்சிகலோரின் ஏ – 18
டிமெத்தில் ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் – 17
ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் – 18
ஓ-மெத்தில் ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் – 19
அஃப்ளாடாக்சின் பி1 – 17

இடையில் இன்னும் சில இடைப்பொருள்கள் உண்டு. அவற்றைப் பிறகு செருகிக்கொள்ளலாம். எண் மாறும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்: 20இலிருந்து 18, 18இலிருந்து 17, பிறகு ஒன்று ஏறி, இன்னொன்று ஏறி, கடைசியில் இரண்டு இறங்குகிறது. எண் மாறாத இடங்களில் நடப்பது பெரும்பாலும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்த்தல், நீக்கல், வளையம் மூடுதல். எண் மாறும் இடத்தில் மூலக்கூறின் எலும்புக்கூடே மாறுகிறது. இந்த வட்டங்கள்தான் உங்கள் மைல்கற்கள்.

படி 2: முதல் 20 கார்பன் எங்கிருந்து வந்தது?

கொழுப்பு அமிலம் செய்ய நம் உடலும் பயன்படுத்துகிற அசிட்டைல் கோ-ஏ, மலோனைல் கோ-ஏ ஆகியவைதான் மூலப்பொருள். பூஞ்சையிடம் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு கொழுப்பு அமில நொதி ஜோடி இருக்கிறது. அது 6 கார்பன் கொண்ட ஹெக்சனோயில் துண்டு ஒன்றைச் செய்து, பக்கத்திலிருக்கும் பெரிய நொதியிடம் நேரே கொடுத்துவிடுகிறது. அந்தப் பெரிய நொதியின் பெயர் பாலிகீட்டைடு சின்தேஸ், சுருக்கமாக பிகேஎஸ்-ஏ.

பிகேஎஸ்-ஏ அந்த 6 கார்பனோடு ஏழு முறை, முறைக்கு இரண்டிரண்டு கார்பனாகச் சேர்க்கிறது. 6-உம் 14-உம் 20. இந்தக் கூட்டலை ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

இந்த நொதியை நின்று கவனிக்க வேண்டும். ஒரே புரதச் சங்கிலிக்குள் வெவ்வேறு வேலை பார்க்கும் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று தொடக்கத் துண்டை வாங்குகிறது, ஒன்று மலோனைலை எடுத்துவருகிறது, ஒன்று இரண்டையும் ஒட்டுகிறது, ஒன்று வளரும் சங்கிலியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த சங்கிலி ஒரு நிலையில் இருக்காது. கண்டபடி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். முறுக்கு உழக்கிலிருந்து விழும் மாவு ஒன்றுதான் என்றாலும் சுற்று சரியாக விழுவது சுற்றுகிற கையைப் பொறுத்தது இல்லையா? இங்கே அந்தக் கையாக இருப்பது பிகேஎஸ்-ஏவுக்குள் இருக்கும் வார்ப்புப் பகுதி. சங்கிலியைத் தன் குழிக்குள் வாங்கி, எந்தக் கார்பன் எந்தக் கார்பனோடு சேர வேண்டும் என்பதை அதுதான் நிர்ணயிக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் டவுன்செண்ட் குழு இந்தப் பகுதியின் வடிவத்தையும் வேலையையும் 2009இல் வெளியிட்டது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டால் சங்கிலி உருவாகும். ஆனால் தாறுமாறாக மடிந்து வேறு பொருள்களாகிவிடும்.

பிகேஎஸ்-ஏ விடுவிப்பது நார்சோலோரினிக் அமில ஆந்த்ரோன். அதில் ஒரு ஆக்சிஜன் ஏறியதும் உங்கள் பட்டியலின் முதல் பெயர் வந்துவிடுகிறது.

படி 3: நிறத்தை வைத்து அடுத்த கட்டத்தைப் படியுங்கள்

நார்சோலோரினிக் அமிலம் செங்கல் சிவப்பு. இந்தப் பாதை முழுவதும் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த நிறத்தின் தயவால்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. பாதையின் அடுத்த நொதி பழுதானால் நார்சோலோரினிக் அமிலம் முன்னே போக முடியாமல் தேங்கும். பூஞ்சை வளர்ந்த தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் சிவந்திருக்கும். ஜோன் பென்னட் போன்ற பூஞ்சை ஆய்வாளர்கள் 1970களில் இப்படிப்பட்ட சிவந்த திரிபுகளை (மரபணு மாறிய வகைகளை) வைத்துத்தான் பாதையின் முதல் கட்டங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவெருஃபின் தேங்கினால் ஆரஞ்சு, வெர்சிகலோரின் ஏ தேங்கினால் மஞ்சள். எந்த நிறம் தேங்குகிறதோ, அதற்கு அடுத்த நொதிதான் பழுது.

நார்சோலோரினிக் அமிலத்தில் உள்ள கீட்டோனுக்கு ஹைட்ரஜன் கொடுத்து அவெரான்டின் ஆக்கும் நொதி ஒரு ரிடக்டேஸ். மரபணுவின் பழைய பெயர் நார்-1. இதைக் கெடுத்தாலும் பூஞ்சை கொஞ்சம் அஃப்ளாடாக்சின் செய்துகொண்டுதான் இருக்கிறது. வேறு ரிடக்டேஸ்கள் அரைகுறையாக அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன. ஒரு மரபணுவைக் கெடுத்தால் ஒரு பொருள் முழுவதும் நின்றுவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை நம்பிப் போகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

அவெரான்டினிலிருந்து அவெருஃபின் வரை மூன்று நொதிகள். பி450 வகை நொதி ஒன்று ஆக்சிஜன் ஏற்றுகிறது, ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் ஒன்று ஹைட்ரஜனை எடுக்கிறது, இன்னொன்று வளையத்தை மூடுகிறது. இவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கார்பன் 20தான்.

படி 4: முதல் சிவப்பு வட்டம் — 20இலிருந்து 18

அவெருஃபினில் நேராக இருந்த பக்கச்சங்கிலியை ஒரு நொதி இடம்மாற்றி அடுக்குகிறது. அடுத்தது, இரண்டு கார்பன்களுக்கு நடுவில் ஒரு ஆக்சிஜனைச் செருகுகிறது. இப்படிச் செருகும் வினைக்கு பேயர்–வில்லிகர் ஆக்சிஜனேற்றம் என்று பெயர். ஆக்சிஜன் நடுவில் வந்து உட்கார்ந்ததும் அந்த இடம் எஸ்டர் ஆகிவிடுகிறது. எஸ்டரை வெட்டுவது சுலபம். எஸ்டரேஸ் நொதி வந்து 2 கார்பன் உள்ள அசிட்டேட்டைத் துண்டித்து எறிகிறது. 20 கழித்தல் 2, 18.

இந்த எஸ்டரேஸுக்கு ஒரு பழைய கதை உண்டு. டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து பூச்சிகளின் நரம்பில் உள்ள ஒரு எஸ்டரேஸை முடக்கித்தான் அவற்றைக் கொல்கிறது. அதே மருந்து பட்ட பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் குறைந்து, வெர்சிகோனால் ஹெமிஅசிட்டால் அசிட்டேட் தேங்கியது. இந்த இடத்தில் ஒரு எஸ்டரேஸ் இருக்க வேண்டும் என்று மரபணு கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1970களில், ஊகிக்க முடிந்தது இப்படித்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் கடலை மூட்டையில் பூச்சிமருந்து தெளித்துவிட வேண்டாம். அது நச்சை நச்சால் மாற்றுகிற வேலை.)

வெட்டிய பிறகு மூலக்கூறு தானாகவே சுருண்டு வளையமாக முடியும். அப்படித் தானாக மூடினால் இடது கை, வலது கை வடிவங்கள் இரண்டும் பாதிப்பாதி வரும். வெர்சிகலோரின் பி சின்தேஸ் என்ற நொதி ஒரு வடிவம் மட்டும் வருமாறு பார்த்துக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு ஃபியூரான் வளையங்கள் இங்கேதான் பிறக்கின்றன. அஃப்ளாடாக்சினின் கொடுக்கு இருப்பது அந்த இரட்டை வளையத்தில்.

படி 5: இரட்டைப் பிணைப்பு — இங்கே நிதானிக்கவும்

வெர்சிகலோரின் பி-யிலிருந்து ஏ-க்குப் போகும்போது கார்பன் எண் மாறவில்லை, 18தான். அதனால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பாதையிலேயே மிக முக்கியமான இடம் இது என்பது என் கருத்து.

டிசாச்சுரேஸ் வேலை செய்யும் பி450 நொதி ஒன்று ஃபியூரான் வளையத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜனை எடுத்து அங்கே ஒரு இரட்டைப் பிணைப்பை உண்டாக்குகிறது. இந்த நொதியிடம் சிக்கிய மூலக்கூறுகள் அஃப்ளாடாக்சின் பி1 பக்கம் போகும். சிக்காமல் நழுவியவை அதே பின்வரிசை நொதிகள் வழியாகவே நடந்து அஃப்ளாடாக்சின் பி2 ஆகும். பி1-இன் வாய்பாடு 17 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். பி2-இல் ஹைட்ரஜன் மட்டும் 14. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் பி1 இரண்டில் மிகக் கொடியது.

காரணம் நம் கல்லீரலில் இருக்கிறது. கல்லீரலிலும் பி450 நொதிகள் உண்டு. அன்னியப் பொருள்களை நீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்புவது அவற்றின் வேலை. பி1-இன் இரட்டைப் பிணைப்பைக் கண்டதும் சிப்-3ஏ4, சிப்-1ஏ2 என்ற நொதிகள் அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றி எபாக்சைடு ஆக்குகின்றன. அந்த எபாக்சைடு டி.என்.ஏ-வில் உள்ள குவானினைப் பிடித்துக்கொள்கிறது. பி53 என்ற, புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவின் 249ஆவது இடத்தில் ஒரு எழுத்து மாறிப்போவது, அஃப்ளாடாக்சின் அதிகம் உள்ள பகுதிகளின் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட அடையாளம். மஞ்சள் காமாலை பி வைரஸும் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு. பி2-இல் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. எபாக்சைடு ஆக வழியில்லை.

ஆக, பூஞ்சையின் ஒரு பி450 வைத்த கண்ணியை நம் உடலின் இன்னொரு பி450 முடித்துவைக்கிறது.

படி 6: கடைசி ஏற்ற இறக்கங்கள்

வெர்சிகலோரின் ஏ-யிலிருந்து நான்கு மரபணுக்கள் சேர்ந்து ஒரு வளையத்தை உடைத்து, ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக விட்டு, மறுபடி மூடுகின்றன. 17. பாதையிலேயே வேதியியலர்களை நெடுநாள் அலைக்கழித்த பகுதி இதுதான்; நொதிகள் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதில் ஒருமித்த கருத்து வரத் தாமதமானது. தொடக்கத்தில் இதை ஒரே அம்பாக வரைந்துவிட்டு நகருங்கள்.

அடுத்து இரண்டு மெத்தில் நொதிகள். முதலாவது ஒரு மெத்தில் சேர்த்தால் 18, ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சை இங்கேயே நின்றுவிடும். அதனிடம் மேற்கொண்டு போகும் நொதிகள் இல்லை. மரபியல் ஆய்வுக்குக் கையாள எளிய பூஞ்சை அது என்பதால் பாதையின் முன்பாதியைப் பற்றி அதிலிருந்து நிறையத் தெரிந்துகொண்டார்கள். இரண்டாவது நொதி, ஓம்ட்-ஏ, இன்னொரு மெத்திலைச் சேர்க்கும். 19. கடைசியில் ஆர்ட்-ஏ என்ற பி450 திரும்பத் திரும்ப ஆக்சிஜன் ஏற்றி, வளையத்தைப் பிளந்து சுருக்கி, இரண்டு கார்பனை வெளியேற்றுகிறது. 17. அஃப்ளாடாக்சின் பி1 கையில்.

சேர்த்த மெத்திலையே பிறகு கழற்றுவானேன் என்று கேட்கத் தோன்றும். அந்த மெத்தில் இருந்தால்தான் ஆர்ட்-ஏ அதைத் தன் பிடிக்குள் வாங்கும். ஓம்ட்-ஏ இல்லாத பூஞ்சையில் ஆர்ட்-ஏ இருந்தும் பயனில்லை.

பாதையின் நடுவில் அத்தனை சிவப்பும் ஆரஞ்சும் பார்த்தோம். கடைசிப் பொருளை மட்டும் பகல் வெளிச்சத்தில் கடலைப் பருப்பின்மேல் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புறஊதா ஒளியில் பி வகை நீலமாகவும் ஜி வகை பச்சையாகவும் மின்னும். பெயரில் உள்ள எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதலெழுத்துதான் காரணம். ஜி வகை செய்ய கூடுதலாகச் சில நொதிகள் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் பாரசிட்டிகஸிடம் அவை உண்டு. ஃபிளேவஸில் அந்த மரபணுப் பகுதி அறுந்துபோயிருப்பதால் அது பொதுவாக பி வகையோடு நிறுத்திக்கொள்ளும்.

படி 7: இப்போது பெயர்களை எழுதலாம்

பாதை புரிந்தபின் நொதிப் பெயர்களை அம்புகளின் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பெயர் முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழையவை அந்தந்த ஆய்வகம் வைத்தவை: நார்-1, வெர்-1, ஓம்ட்-ஏ. 2004இல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி 'அஃப்ல்' என்ற முன்னொட்டோடு ஓரெழுத்து கொடுத்தார்கள்: அஃப்ல்-சி என்றால் பிகேஎஸ்-ஏ, அஃப்ல்-டி என்றால் நார்-1, அஃப்ல்-பி (aflP) என்றால் ஓம்ட்-ஏ, அஃப்ல்-கியூ என்றால் ஆர்ட்-ஏ.

இதில் ஒரு குழி இருக்கிறது. பழைய கட்டுரைகளில் 'அஃப்ல்-ஜே' என்று வருவது கட்டுப்பாட்டு மரபணு ஒன்று; அதன் புதிய பெயர் அஃப்ல்-எஸ். புதிய முறையில் 'அஃப்ல்-ஜே' என்றால் படி 4இல் பார்த்த எஸ்டரேஸ். 2004க்கு முன் வந்த கட்டுரையா, பின் வந்ததா என்று பார்க்காமல் அந்தப் பெயரைக் குறிப்பெடுக்காதீர்கள்.

படி 8: யார் தொடங்கிவைக்கிறார்கள்?

இந்த மரபணுக்கள் எல்லாம் ஃபிளேவஸின் மூன்றாவது குரோமோசோமின் ஓரத்தில், சுமார் 75,000 எழுத்து நீளத்துக்குள் ஒரே கொத்தாக இருக்கின்றன. கொத்துக்குள்ளேயே இருக்கும் அஃப்ல்-ஆர் என்ற புரதம் மற்ற மரபணுக்களின் முன்பகுதியில் ஒட்டி அவற்றைப் படிக்கவைக்கிறது. அஃப்ல்-எஸ் அதற்குத் துணை. கொத்துக்கு வெளியே, நச்சு மட்டுமன்றிப் பூஞ்சையின் வேறு பல துணைப்பொருள்களையும் ஆளுகிற லே-ஏ என்ற புரதம் உண்டு. பூஞ்சை ஆய்வாளர் நான்சி கெல்லரின் குழு 2004இல் அதை அறிவித்தது.

நடைமுறைக்கு வேண்டியது இது: 37 பாகை செல்சியஸில் பூஞ்சை நன்றாக வளரும், ஆனால் நச்சு மரபணுக்கள் சோர்ந்துவிடும். 30 பாகையை ஒட்டித்தான் நச்சு அதிகம். நம் ஊர் மழைக்கால, பனிக்காலக் கிடங்குகளின் வெப்பநிலை அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

வேப்பிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988இல் அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில், வேப்பிலைச் சாற்றில் வளர்த்த ஆஸ்பர்ஜில்லஸில் பூஞ்சை வழக்கம்போல் வளர்ந்தும் அஃப்ளாடாக்சின் ஏறக்குறைய நின்றுபோனதைக் கண்டார்கள். நச்சு உற்பத்தி தொடங்கியபின் சாற்றைச் சேர்த்தால் பலன் இல்லை. பாதையின் தொடக்கத்தில்தான் அது கைவைக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆய்வுக்கூடக் குடுவையில் நடந்ததை வைத்து, கடலை மூட்டையில் இரண்டு கொத்து வேப்பிலை போட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது.

படி 9: பாதையை எங்கே அறுக்கிறார்கள் என்று பாருங்கள்

இவ்வளவு படித்ததன் பயன் வயலில்தான். அமெரிக்காவின் அரிசோனா பருத்தி வயல்களில் ஏஎஃப்36 என்ற ஃபிளேவஸ் திரிபை வேண்டுமென்றே தூவுகிறார்கள். அதன் பிகேஎஸ்-ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, நொதி பாதியில் நின்றுபோகிறது. நொதி இல்லையென்றால் 20 கார்பன் சங்கிலியே இல்லை. பின்னால் உள்ள இருபது நொதிகளும் சும்மா நிற்கும். இந்தச் சாதுப் பூஞ்சை முன்னாலேயே இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நச்சுப் பூஞ்சைக்கு இடம் குறைகிறது. நிலக்கடலைக்கென்று வந்த அஃப்ளா-கார்டு என்ற தயாரிப்பில் உள்ள திரிபில் கொத்தே முழுவதும் காணோம். நைஜீரியாவிலிருந்து இயங்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் ஆப்பிரிக்க நாடுகளுக்காக அந்தந்த மண்ணிலிருந்தே இப்படிப்பட்ட திரிபுகளைத் தேர்ந்தெடுத்து அஃப்ளாசேஃப் என்ற பெயரில் கொடுக்கிறது.

ஜப்பானியர்கள் சோயா சாஸ், மிசோ செய்யப் பயன்படுத்தும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே இதே குடும்பம்தான். கொத்தின் மிச்சம் அதனிடமும் இருக்கிறது. பழுதடைந்து, வேலை செய்யாமல்.

நம் களத்தில் பாதையை அறுக்கும் கருவி ஈரப்பதம். நிலக்கடலையைப் பறித்ததும் கொடியோடு தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட்டு, ஈரத்தோடு அம்பாரம் போடாமல், காய் 8 சதவீத ஈரத்துக்கு வரும்வரை உலர்த்திவிட்டால் பூஞ்சைக்கு நொதி செய்யவே நீர் கிடைக்காது. கருவி இல்லாதவர்கள் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பைக் கட்டைவிரலால் தேய்த்தால் செந்தோல் உரிந்து வர வேண்டும். சொத்தைக் காயையும் உடைந்த, சுருங்கிய பருப்பையும் பொறுக்கி எறிவதுதான் அடுத்த வேலை. நச்சின் பெரும்பகுதி அவற்றில்தான் குவிந்திருக்கும். பொறுக்கியதை மாட்டுக்குப் போடக் கூடாது.

போட்டால் என்ன ஆகும்? கடலை ஆட்டும்போது நச்சின் பெரும்பகுதி எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் கல்லீரல் பி1-இல் ஒரு ஆக்சிஜனை ஏற்றி எம்1 ஆக்கும். தின்ற மறுநாளுக்குள் அது பாலில் தெரியும். இந்தியாவில் பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட நாடளாவிய பால் ஆய்வில் எம்1 வரம்பைத் தாண்டிய மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலம் தமிழ்நாடு. அப்போது பேச்சு முழுவதும் பாலைப் பற்றியே இருந்தது. பேசியிருக்க வேண்டியது பிண்ணாக்கைப் பற்றி.

உங்கள் தாளில் ஒரு கடைசிக் கணக்கு. எம்1-இன் வாய்பாட்டையும் ஜி1-இன் வாய்பாட்டையும் எழுதுங்கள். இரண்டுமே 17 கார்பன், 12 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன். ஒன்று மாட்டின் நொதி செய்தது, மற்றது பூஞ்சையின் நொதி செய்தது. மூலக்கூறு எடை இரண்டுக்கும் 328. மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலைமானியில் எடையை மட்டும் பார்த்து எதுவென்று தீர்மானிக்க முடியாது. பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராபி குழாயிலிருந்து எந்த நேரத்தில் வெளிவருகிறது, உடைந்தால் என்ன துண்டுகள் வருகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

படி 10: பரிசோதனைக் கூடத்தில் இந்த அறிவை எங்கே நிறுத்த வேண்டும்

நார்-1, வெர்-1, ஓம்ட்-ஏ, அஃப்ல்-ஆர் ஆகிய மரபணுக்களைத் தேடும் பிசிஆர் சோதனை பல கூடங்களில் உண்டு. அது நல்ல முன்னெச்சரிக்கை. அதற்குமேல் அதிலிருந்து எதையும் படிக்காதீர்கள். ஏஎஃப்36-ஐ அந்தச் சோதனையில் வைத்தால் நான்கு மரபணுவும் இருப்பதாகவே காட்டும், நச்சோ துளியும் இருக்காது. வறுத்த கடலையில் பூஞ்சையின் டி.என்.ஏ சிதைந்து பிசிஆர் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம், நச்சு வரம்புக்கு மேல் இருக்கலாம். நச்சு இருக்கிறதா என்ற கேள்விக்கு எலைசா, எச்பிஎல்சி போன்று நச்சையே அளக்கும் முறைதான் பதில் சொல்லும். ஒப்பிட்டு அளப்பதற்காக வாங்கும் அஃப்ளாடாக்சினைக் கரைசலாக வாங்குங்கள். உலர்ந்த தூள் காற்றில் பறக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சிந்தினால் சோடியம் ஹைபோகுளோரைட்டால் துடைக்க வேண்டும்.

எந்தக் கருவியை வைத்திருந்தாலும் மாதிரி எடுப்பதில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். மூட்டையில் ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, எங்கோ ஒன்றிரண்டு பருப்புகளில் மொத்த நச்சும் இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பெரிய கடலைச் சரக்கிலிருந்து பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 20 கிலோ சேர்த்து, அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சில கிராம் சோதனைக்கு வைக்கிறார்கள். மேல்மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் முடிவு எழுதிக் கொடுக்கும் முன் இதைச் சொல்லி, மாதிரியை முறைப்படி எடுத்துவரச் சொல்லுங்கள்.